மாலை மையத்துக்குள் ஒரு சிறார் மன்றம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். அப்பா விசைத்தறிக் கூடத்தில் நின்றுகொண்டிருப்பார். அம்மா திருப்பூரில் ஏதேனும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருப்பார்; ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளென்றால் இரவு எட்டரை மணிக்குப் பிறகுதான் கம்பெனி வேன் ஊருக்குள் வரும். இடைப்பட்ட அந்த மூன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யாருடன் இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்ற கவலையிலிருந்துதான் கொங்கு நாட்டின் பல ஊர்களில் மாலை நேர மையங்கள் பிறந்தன. சில இடங்களில் ஊர்ப் பெரியவர்கள் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சில இடங்களில் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட மாலை வகுப்பு நடத்தலாம் என்ற துணிவைப் பல தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது.

நானும் நண்பர்கள் சிலரும் அப்படிப்பட்ட மையம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். வீட்டுப் பாடம் முடிக்கிறார்கள், வாய்ப்பாடு சொல்கிறார்கள், சுண்டல் சாப்பிடுகிறார்கள், விளையாடுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். இவை எல்லாம் தேவையானவை. ஆனால் இந்த ஏற்பாட்டில் பிள்ளை எப்போதும் பெற்றுக்கொள்பவராகவே இருக்கிறார் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். பாடத்தை ஆசிரியர் தருகிறார், சுண்டலைச் சமைப்பவர் தருகிறார், விளையாட்டைக் கூடத் தன்னார்வலர்தான் தேர்ந்தெடுக்கிறார். பதினான்கு வயதில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் தம்பிக்குச் சோறு போட்டு, ரேஷன் கடை வரிசையில் நின்று, கைபேசியில் மின்கட்டணம் கட்டத் தெரிகிறது. அதே பெண் மையத்துக்கு வந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல நடத்தப்படுகிறாள். இந்தக் குறையைத் தீர்க்க உலகின் பல பகுதிகளில் கையாளப்படும் வழிதான் இளையோர் வளர்ச்சி மன்றம். அதை ஒரு மாலை மையத்துக்குள் எப்படித் தொடங்குவது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் சொல்லைப் பற்றி. கிளப் என்றால் நம் ஊர்ப் பெற்றோருக்குச் சீட்டாடும் மனமகிழ் மன்றம்தான் நினைவுக்கு வரும். மூத்தவர்களுக்குக் காப்பி கிளப் நினைவுக்கு வரலாம். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிடுவது நல்லது. மன்றம் என்ற சொல்லையும் ரசிகர் மன்றங்கள் ஓரளவு எடுத்துக்கொண்டுவிட்டன என்றாலும், ஊருக்கு நடுவே மரத்தடியில் எல்லோரும் கூடிப் பேசும் பொதுவிடம் என்ற அதன் பழம்பொருள் நமக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. நாங்கள் சிறார் மன்றம் என்றே அழைக்கிறோம்.

மன்றம் என்பது என்ன?

ஒரே பகுதியைச் சேர்ந்த பத்து முதல் இருபது பிள்ளைகள், குறிப்பிட்ட நாளில் தவறாமல் கூடி, தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, தாங்களே தேர்ந்துகொண்ட ஒரு வேலையைப் பல மாதங்களுக்குத் தொடர்ந்து செய்து, அதன் கணக்கையும் பதிவையும் தாங்களே வைத்து, முடிவில் ஊருக்கு முன் காட்டுவது மன்றம். அவர்களுக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் குறைந்தது இருவர் இருப்பார்கள். டியூஷனில் வெற்றி என்பது மதிப்பெண். விளையாட்டுக் குழுவில் கோப்பை. மன்றத்தில், ஆண்டுத் தொடக்கத்தில் வாய் திறக்காத பிள்ளை ஆண்டு முடிவில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினால் அதுவே வெற்றி. மையம் முழுவதையும் மன்றமாக மாற்ற வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் போதும். மற்ற நாட்களில் வீட்டுப் பாடம் வழக்கம்போல நடக்கட்டும். பெற்றோர் பிள்ளையை அனுப்புவது அதற்காகத்தான்.

இந்த முறை வளர்ந்த கதை சுவையானது. 1902 ஜனவரியில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம் என்பவர், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் நீதிமன்றக் கட்டடத்து நிலவறையில் சுற்றுவட்டாரப் பண்ணைப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் தேர்ந்தெடுத்த மக்காச்சோள விதையை விதைத்துப் பார்த்தார்கள். தங்கள் வயல் மண்ணை லிட்மஸ் தாளால் சோதித்தார்கள். காய்கறியும் பூவும் வளர்த்து விளைச்சலைக் குறித்து வைத்தார்கள். வேளாண் கல்லூரிகள் சொன்ன புதிய முறைகளை அன்றைய விவசாயிகள் எளிதில் ஏற்கவில்லை. ஆனால் தங்கள் பிள்ளை வளர்த்த பாத்தியில் கதிர் பெருத்து நிற்பதைக் கண்ணால் கண்டபோது ஏற்றார்கள். பிள்ளைகளின் மன்றம் ஊர் முழுவதற்கும் ஆசானாயிற்று. 1914இல் அந்நாட்டில் வேளாண் விரிவாக்கச் சட்டம் வந்தபின் இந்த மன்றங்கள் அரசின் விரிவாக்கப் பணியோடு இணைந்து நாடு முழுவதும் பரவின. தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களும் எச் என்ற ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஃபோர் எச் என்ற பெயரும், நான்கு இலைத் தழை என்ற சின்னமும் வந்தன. வயற்காட்டில் பிறந்த அந்த மன்றங்கள் பின்னாளில் நகரங்களுக்கும், பள்ளி விட்டபின் பிள்ளைகள் தங்கும் சமூக மையங்களுக்கும் சென்றன. இன்று நாம் செய்ய நினைப்பதும் அதுவே.

நம்மிடமும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர்தோறும் அமைத்த துளிர் இல்லங்கள் பிள்ளைகளின் அறிவியல் மன்றங்களே. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்தின் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு பிள்ளைகளுக்குப் பாலசபைகளை நடத்துகிறது. பள்ளியில் சாரணர் இயக்கத்திலோ இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்திலோ இருந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். தொடங்கும்போது அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

நான்கு தேவைகள்

மன்றத்தின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு கருத்துச் சட்டகம் உதவும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பிள்ளை வளர்த்த முறையை அடிப்படையாகக் கொண்டு லாரி பிரெண்ட்ரோ, மார்ட்டின் புரோக்கன்லெக், ஸ்டீவ் வான் பாக்கர்ன் ஆகிய மூவர் 1990இல் முன்வைத்தது அது. வளரும் பிள்ளைக்கு நான்கு தேவைகள் உண்டு என்கிறார்கள்: இது என் இடம், இவர்கள் என் ஆட்கள் என்ற ஒட்டுறவு, ஏதேனும் ஒன்றில் கைதேர்ச்சி, தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமை, பிறருக்குக் கொடுக்கும் நிலையில் இருப்பது.

நான்காவதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். எங்கள் மையத்தில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள்; தமிழில் வாசிக்க அவளுக்குத் தெரியாது. மூன்று மாதம் அவளுக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தோம்: எழுத்து, புத்தகம், கூடுதல் நேரம். அவள் பின் வரிசையிலேயே இருந்தாள். மன்றம் ஊர் வரைபடம் ஒன்று தயாரிக்க வேண்டி வந்தபோது, அவளுடைய கை ஓவியத்தில் எவ்வளவு தேர்ந்தது என்பது தெரிந்தது. தெருக்களை அவள் வரைய, பெயர்களை எட்டாம் வகுப்பு மாணவி தமிழில் எழுத, எழுதியதைப் பார்த்து இவள் மறுபடி எழுத, அந்த ஒரு தாளில் அவள் கற்ற எழுத்துகள் மூன்று மாதத்தில் நாங்கள் கற்பித்ததைவிட அதிகம். திருப்பூர், பல்லடம், அவிநாசி, பெருந்துறை வட்டாரங்களில் மையம் நடத்தும் எவருக்கும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை மொழி தெரியாதவர்கள் என்று ஓரமாக உட்கார வைக்காமல் இருக்க, பேச்சு குறைவாகவும் கைவேலை அதிகமாகவும் உள்ள செயல்திட்டமே சிறந்த வழி.

தொடங்கும் முன்

முதல் மாதம் எதையும் அறிவிக்காதீர்கள், கவனியுங்கள். எந்தப் பிள்ளைகள் தாமாகச் சேர்கிறார்கள், எந்த நாளில் வருகை நிறைந்திருக்கிறது, யார் வீட்டில் தறிக்கான நூலைத் தாரில் சுற்றும் வேலை இருக்கிறது, யார் ஆறரைக்குள் வீடு திரும்பியாக வேண்டும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் சனிக்கிழமை சம்பள நாள்; அன்று மாலை பல பிள்ளைகள் பெற்றோருடன் கடைவீதிக்குப் போய்விடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தோம். தேங்காய்க் களங்கள் நிறைந்த பொள்ளாச்சிப் பக்கத்திலோ மஞ்சள் விளையும் கொடுமுடிப் பக்கத்திலோ வேலை நாட்களின் ஒழுங்கு வேறாக இருக்கும். அந்த ஊரின் வாரச்சந்தை நாளையும் நோன்பு நாட்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை பத்துக்குக் கீழுள்ளவர்களையும் பதினாறு வயதினரையும் ஒரே மன்றத்தில் வைத்தால் சின்னவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். பத்து முதல் பதின்மூன்று வரை ஒரு மன்றம், பதினான்கு முதல் பதினேழு வரை மற்றொன்று என்று பிரிக்கலாம். எண்ணிக்கை போதாவிட்டால் ஒன்றாகவே தொடங்கி, மூத்தவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

இடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். சமுதாயக் கூடம், ஊர்ப்புற நூலகம், பள்ளி வகுப்பறை ஆகியவற்றில் ஒன்று கிடைக்கும். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும், கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நல்ல வெளிச்சம், குடிநீர், தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கழிப்பறை இல்லையென்றால் பெண்பிள்ளைகள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். “படிப்புக் கெடாதுங்களா?” என்பது ஒன்று, “இருட்டறதுக்குள்ள புள்ளை வீட்டுக்கு வந்துருமுங்களா?” என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, வாரத்தில் ஒரு நாள்தான், தேர்வுக் காலத்தில் மாதம் ஒரு முறை மட்டும்தான் என்று உறுதி கொடுங்கள். இரண்டாவதற்கு, தெருவாரியாகக் குழுவாகத் திரும்புவார்கள், ஒவ்வொரு குழுவுடனும் ஒரு பெரியவர் வருவார் என்று சொல்லி, முதல் வாரமே அதைச் செய்து காட்டுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

வேலையை யார் தேர்ந்தெடுப்பது?

இதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். மன்றம் தொடங்கிய ஆண்டு, கீரைத் தோட்டம் போடலாம் என்று நானே முடிவு செய்தேன். விதை வாங்கினேன், பாத்தி கட்டினேன், யார் எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலையும் நானே எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம் ஊற்றினார்கள். மூன்றாம் வாரம் பண்டிகை வந்தது. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் பிள்ளைகளின் மாலைப் பொழுது முழுவதும் கம்பத்தாட்டத்துக்குத்தான். திரும்பி வந்தபோது தண்டங்கீரை காய்ந்து கிடந்தது. யாரும் வருந்தவில்லை. அது அவர்களுடைய தோட்டமாக ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்றையும் முன்மொழியவில்லை. “நம்ம ஊர்ல எது மாறோணும்னு நினைக்கறீங்க கண்ணு?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். கரும்பலகையில் பதினேழு விஷயங்கள் வந்தன: பேருந்து நிறுத்தத்தில் நிழல், கால்பந்து, நாய்த் தொல்லை, நூலகத்தில் புதிய படக்கதைகள் என்று பலவும் இருந்தன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “பஸ் ஸ்டாப்புல இருந்து வர்ற வழியில லைட்டே எரியறதில்லீங்க, அக்காங்க ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர்றப்போ பயமா இருக்குதுங்க” என்றாள். கைதூக்கி வாக்கெடுத்தபோது கால்பந்தைவிட மூன்று வாக்குகள் அதிகம் பெற்று அது வென்றது.

மூன்று குழுவாகப் பிரிந்து, இரண்டு தாய்மார்களும் தன்னார்வலர்களும் உடன்வர, அந்தி நேரத்தில் தெருத்தெருவாக நடந்தார்கள். ஒவ்வொரு குழுவிடமும் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது: கம்பத்தின் எண், விளக்கு இருக்கிறதா, எரிகிறதா, அருகில் யார் வீடு என நான்கு பத்திகள். இரண்டு கம்பங்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்ததால் எண் தெரியவில்லை. கிழித்துவிடலாம் என்றான் ஒருவன். இறந்தவர் படத்தைக் கிழிக்கக் கூடாது என்றாள் இன்னொருத்தி. கால் மணி நேரம் தெருவிலேயே பேசி, எண்ணுக்குப் பதிலாக எதிர்வீட்டுக் கதவு எண்ணை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். உடன்வந்த பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்ததுதான் அன்று நாங்கள் செய்த நல்ல காரியம்.

மொத்தம் 41 கம்பங்கள், 13 எரியவில்லை. வரைபடம் வரைந்தார்கள், மனு எழுதினார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் மனுவை வாசிக்க இடம் கிடைக்கும். அக்டோபர் 2 கூட்டத்தில் மன்றச் செயலர் வாசித்தாள். தொடக்கத்தில் தாள் நடுங்கியது, கம்ப எண்களுக்கு வந்தபோது நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் ஒன்பது விளக்குகள் எரிந்தன. நான்குக்குப் புதுக் கம்பி இழுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவை இன்றும் பட்டியலில் இருக்கின்றன.

உங்கள் ஊருக்கு வேறு வேலை பொருந்தலாம். திருப்பூரை ஒட்டியவர்களுக்கு நஞ்சராயன் குளம் இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதியை 2024இல் பெற்ற இடம் அது. ஈரோட்டுப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உள்ளது. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் சேரலாம். பனியன் வெட்டுத்துணியில் கால்மிதி பின்னுவது, ஊர்ப் பாட்டிமாரிடம் கும்மிப் பாட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்வது, காங்கேயம் மாடு வைத்திருப்பவரிடம் பேட்டி எடுப்பது என்று எத்தனையோ உண்டு. எதுவானாலும் மூன்று சோதனைகளை வையுங்கள்: பிள்ளைகள் தேர்ந்ததா, மூன்று முதல் ஆறு மாதத்தில் முடியக்கூடியதா, எண்ணவோ அளக்கவோ காட்டவோ ஏதாவது இருக்கிறதா. கால்மிதி போன்ற விற்பனைப் பொருள் என்றால் ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆர்டர் வாங்கி, எண்ணிக்கை குறித்து, பிள்ளைகளை உட்கார வைத்துப் பின்னச் செய்தால் அது மன்றம் அல்ல, குழந்தைத் தொழில். நம் பகுதியில் இந்த எல்லையை மிகக் கவனமாகக் காக்க வேண்டும்.

கூட்டம், பதிவேடு, பணம்

கூட்டம் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். தலைவர் தொடங்குவார், செயலர் சென்ற கூட்டத்தின் முடிவுகளை வாசிப்பார், பொருளாளர் கணக்குச் சொல்வார், அன்றைய வேலை நடக்கும், பிறகு பேச்சு, கடைசியில் விளையாட்டு. விளையாட்டை ஒருபோதும் வெட்டாதீர்கள். வேலை முடிந்ததும் வரும் பேச்சே கற்றலின் இடம்: என்ன செய்தோம், ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எப்படிச் செய்வோம் என்ற மூன்று கேள்விகளைத் தலைவரே கேட்கப் பழக்குங்கள். செய்தல், எண்ணிப் பார்த்தல், வேறிடத்தில் பயன்படுத்துதல் என்ற அனுபவக் கல்விச் சுழற்சி இதுதான்.

பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டும், சிறிதாக. எங்கள் மன்றத்தில் வாரம் இரண்டு ரூபாய்ச் சந்தா என்று அவர்களே தீர்மானித்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் பொருளாளர். ஒரு மாதம் கணக்குப் பார்த்தபோது பதினான்கு ரூபாய் குறைந்தது. அறை அமைதியாகிவிட்டது, அன்று உண்டியலைத் தூக்கி வைத்த சிறுவனை இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பதறிப்போய்ப் பதினான்கு ரூபாயைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கப் போனேன். உடனிருந்த தன்னார்வலர் அக்கா என் கையைத் தடுத்து, வருகைப் பதிவேட்டையும் சந்தா நோட்டையும் பக்கம் பக்கமாக வைக்கச் சொன்னார். வந்தவர்கள் அனைவரும் சந்தா கொடுத்ததாகப் பொருளாளர் எழுதியிருந்தான். ஏழு பேர் அந்த வாரம் காசு கொண்டுவரவேயில்லை. திருட்டு இல்லை, குறிப்பில் பிழை. காசு கைக்கு வந்தபின்தான் டிக் அடிக்க வேண்டும் என்று அன்று தீர்மானம் எழுதினார்கள். இயலாதவர்கள் கொடுக்க வேண்டாம், மூடிய உண்டியலில் இயன்றதைப் போடலாம் என்று அதற்கடுத்த வாரம் இன்னொரு தீர்மானமும் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் அந்தப் பொருளாளர்தான். நான் அன்று காசை எடுத்து நீட்டியிருந்தால் சந்தேகம் அந்தச் சிறுவன் மேலேயே தங்கியிருக்கும்.

பெரியவர்களின் இடம்

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை: பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குப் பேச விடுவது. விழா மேடையில் விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுக்க மட்டும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் வழக்கம் அந்த இரண்டாம் படிதான். மேல் படிகளில் பிள்ளைகளே தொடங்கி நடத்துகிறார்கள். பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். ஒரே நாளில் அங்கே ஏற முடியாது. முதல் மூன்று மாதம் தன்னார்வலர் அதிகம் பேசுவார். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு பொறுப்பைக் கைமாற்றிக்கொண்டே வர வேண்டும். கூட்டத்தில் தான் எத்தனை நிமிடம் பேசினோம் என்பதைத் தன்னார்வலர் கடிகாரம் பார்த்துக் குறித்துவந்தாலே மாற்றம் தெரியும்.

பாதுகாப்பில் மட்டும் பெரியவர்கள் பொறுப்பைக் கைமாற்றக் கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, எந்நேரமும் இருவர். தன்னார்வலர்களைச் சேர்க்கும் முன் அவர்களைப் பற்றி ஊரில் விசாரியுங்கள், அடையாளச் சான்றை வாங்கி வையுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட எவர் மீதும் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எவ்வளவு பெரியவர் சொன்னாலும் கேட்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி, அதற்கு எப்படிப் பேசுவது என்பதை ஒரு கூட்டத்தில் நடித்துக் காட்டுங்கள். படங்களைப் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு: சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளும், தண்ணீர் விட்ட நாட்களில் வேகமாக ஓடும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்களும். களப்பணிக்குப் போகும் வழியை முதல் நாளே பெரியவர் ஒருவர் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆண்டுச் சுழற்சி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உறுப்பினர் சேர்ப்பும் தேர்தலும். தேர்தலை உண்மையான வாக்குச்சீட்டோடு நடத்துங்கள். பொறுப்பாளர்களில் பாதியாவது பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்ற விதியை முதலிலேயே எழுதிவிடுங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை செயல்திட்டம். இடையில் ஆடிப் பதினெட்டுக்கும் தீபாவளிக்கும் விடுப்பு. தைப் பொங்கலை ஒட்டி ஊருக்கு முன் கண்காட்சி: பதிவேடு, வரைபடம், கணக்கு எல்லாம் மேசை மேல் இருக்கட்டும், விளக்குவோர் பிள்ளைகளாக இருக்கட்டும், மேடையும் சிறப்பு விருந்தினரும் வேண்டாம். வேன் வரும் நேரத்துக்குப் பிறகு வைத்தால்தான் அம்மாக்கள் வர முடியும் என்பதால் எங்கள் கண்காட்சி இரவு எட்டே முக்காலுக்குத் தொடங்குகிறது. பிப்ரவரியிலிருந்து தேர்வுக் காலம். மன்றம் மாதம் ஒரு முறை மட்டும் கூடும்.

பிளஸ் டூ முடித்துக் கோவைக்கும் ஈரோட்டுக்கும் கல்லூரிக்குச் செல்பவர்களைப் பதினெட்டு வயதானபின் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களைவிட இந்த வேலை தெரிந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். பொறுப்பு மாறும்போது பழைய பொறுப்பாளர் முதல் மூன்று கூட்டங்களுக்குப் புதியவரின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் விதி. சென்ற ஜூன் மாதத்தில் பழைய செயலர் புதியவளிடம் ஒப்படைத்த பொருட்களைப் பதிவேட்டில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: கூட்டப் பதிவேடு இரண்டு, சந்தா நோட்டு ஒன்று, உண்டியல் சாவி ஒன்று, ஊர் வரைபடம் ஒன்று, இன்னும் எரியாத நான்கு கம்பங்களின் எண்கள் எழுதிய தாள் ஒன்று.